ஃபானியும் பதினொரு வீட்டுச் சனமும்

பழங்கால முறையில் வாழும் கிறிஸ்தவர்களான ஆமிஷ்காரரை நான் முதலில் நம்பவில்லை. கார் வைத்திருப்பது அவர்களுக்குப் பாவமாம்; காசு கொடுத்து என்னுடைய வானில் ஏறுவது பாவமில்லையாம். இதென்ன கள்ளக் கதை என்று என் மனிசி பேர்ணடெற்றிடம் கேட்டேன்.

“உங்களுக்கு ஓட்டம் கிடைக்குதெல்லே? வாயைப் பொத்திக்கொண்டு ஓடுங்கோ,” என்றாள்.

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஒன்றரை மணித்தியாலத்தில் அவர்களுடைய இடம். தெற்கே காணி விலை ஏறிப்போக, பதினொரு குடும்பம் அங்கே கல்லுக் காணியை மலிவாக வாங்கிக் குடியேறியிருந்தது. கறன்ற் இல்லை. உழவு குதிரையில். கோயிலும் இல்லை, ஞாயிறு செபம் முறை வைத்து வீடு வீடாக. போதகர் லீவை என்றொரு தாடிக்காரர். அவர் மனிசி ஃபானிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பக்கத்து ஆஸ்பத்திரியில் இடமில்லாததால் கிழமைக்கு மூன்று தரம் ரொறன்ரோவுக்கு டயலிசிஸுக்கு வரவேண்டும். ஏற்றி இறக்கியது நான்.

ஃபானி முன்சீற்றில் இருந்து மாடிக் கட்டடங்களைப் பார்ப்பார்.

“சீமோன், உதுக்குள்ளை எத்தினை குடும்பம் இருக்கும்?”

“முந்நூறு வரும்.”

“ஒருத்தரை ஒருத்தர் தெரியுமோ?”

“லிஃப்றுக்குள்ளை சிரிப்பினம்.”

என்னைக் கூப்பிடுவதற்கென்றுதான் அவர்கள் றோட்டோரம் ஒரு ரெலிபோன் பெட்டி வைத்தார்கள். அதிலேயே சண்டை வந்தது. இன்றைக்கு றோட்டில் வைத்தால் நாளைக்கு வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஐந்து குடும்பம் முறைத்துக்கொண்டு ஊரை விட்டே வெளிக்கிட்டது. மிச்ச ஆறுக்குப் பள்ளிக்கூடம் நடத்தவும் ஆள் காணாது. அவர்களும் வடக்கே பழைய ஆமிஷ் ஊரொன்றுக்குப் போக முடிவெடுத்தார்கள். பத்து மணித்தியால ஓட்டம். கிட்டடியில் டயலிசிஸ் கிடையாது.

“எங்கடை ஆக்கள் அடிபட்டால் சங்கத்தை ரண்டாக்கிப்போட்டு ஒரே றோட்டிலை இருப்பினம். நீங்கள் ஏன் ஓடுறியள்?” என்று லீவையிடம் கேட்டேன்.

“தனிய இருந்து செபிக்கிறது எங்களுக்குச் செபமில்லை, சீமோன்.”

ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்ற் வெறுமனே கிடந்தது. ஆஸ்பத்திரி இருபது நிமிடம்; ஃபானியும் லீவையும் அங்கேயே இருக்கலாம் என்று நினைத்தோம். பேர்ணடெற் கூட்டித் துடைத்து, அவர்களுக்குப் பிடிக்காதென்று பல்ப்பெல்லாம் கழற்றி, அரிக்கேன் லாம்பும் எங்கிருந்தோ வாங்கி வைத்தாள். டயலிசிஸ் முடிந்து இருவரையும் நேரே அங்கே கொண்டுவந்து காட்டினேன்.

ஃபானி கட்டிலில் இருந்து பார்த்தார்.

“நல்ல அறை. ஆனால் நான் செத்தால் இஞ்சை ஆர் என்னைக் குளிப்பாட்டுறது?”

“நான் குளிப்பாட்டுவன்,” என்றாள் பேர்ணடெற்.

ஃபானி சிரித்து அவள் கையைப் பிடித்தார். “செய்வீர், தெரியும். எங்கடை பாட்டு உமக்குத் தெரியாதே.”

வெளியே வந்து லீவையை மறித்தேன்.

“அங்கை போனால் ரண்டு கிழமையிலை ஆள் முடிஞ்சுது. தெரியுமோ?”

“தெரியும். அவவுக்கும் தெரியும். நான் மறிச்சுப் பாத்தன், கேக்கேல்லை.”

“அப்ப என்ரை வான் வராது.”

“சரி,” என்றார். “வேறை வான் பிடிக்கிறம்.”

கோபமாவது பட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

பேர்ணடெற் என்னைத்தான் ஏசினாள். “வேறை ஒருத்தன் பள்ளம் கிடங்கு பாராமல் அடிச்சுக்கொண்டு போவான். அந்த மனிசிக்கு முதுகு நோ. உங்கடை வீம்பைத் தூக்கிக் குப்பையிலை போட்டுட்டுப் போங்கோ.”

அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். லீவை தேத்தண்ணி வாங்க இறங்கினார்.

“இப்பவும் திருப்பலாம்,” என்றேன். “ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, திருப்பிறன்.”

ஃபானி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “என்னாலை அந்த ஊரே உடைஞ்சுது. நான் உங்கடை நிலவறையிலை இருந்தால் லீவையும் இருக்கவேணும். அந்த மனிசனையும் தனியாளாக்கச் சொல்லுறீரோ?”

 லீவை வந்து ஏறினார். மெதுவாகத்தான் ஓட்டினேன்.

இரண்டாவது கிழமை அந்தப் பக்கத்து, ஆமிஷ் இல்லாத வெள்ளைக்காரன் ஒருவன் போன் எடுத்தான். ஃபானி போய்விட்டாராம், முந்தின நாளே அடக்கமாம். இருநூறு பேருக்கு மேல் வந்ததாம், நெடுநேரம் பாடினார்களாம்.

இருநூறு பேர் வந்தால் என்ன? மனிசி உயிரோடு இருந்திருக்கலாம்.