வால்வு பார்த்த கூலி

லிஃப்ட் ரிப்பேர்க்காரருக்கு வந்த கோபத்தில் கைப்பேசியையே கடித்துத் துப்பிவிடுவார் போலிருந்தது.

“பெரிய சர்வீஸாம்! எஸ்டிமேட் அனுப்பியிருக்கானுங்க, பாரு. இந்தக் காசுக்குப் பழைய பைக்கே ஒண்ணு வாங்கிடலாம். ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு செலவு? நின்னா பாத்துக்கலாம்!”

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஏன், காது கேக்கலையா?”

“நல்லாவே கேட்டுச்சு. போன மாசம் ஒரு மாடி வீட்டு ஓனர் லிஃப்டுக்கு இதே வசனத்தைச் சொன்னாருன்னு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் குதிச்சீங்களே. ‘நின்னப்புறம் பாக்கிறதுக்குப் பேரு சர்வீஸா’ன்னு கேட்டது யாரு? எதிர்வீட்டுக்காரரா?”

அவர் பேச்சை மாற்றினார். “உன் தம்பிகிட்ட விட்டா கால்வாசிக் காசுல முடிச்சிடுவான்.”

“என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா? போன தடவை வண்டியைப் பிரிச்சு மாட்டிட்டு, மிச்சமான நட்டை உங்க கையில கொடுத்து, ‘மாமா, இது எக்ஸ்ட்ரா’ன்னான்.”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வண்டி கொஞ்ச நாளாகக் காலையில் கிளம்பவே முரண்டு பிடிப்பது அவருக்குத் தெரியும். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கம்பெனி முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வண்டி நடுவழியில் படுத்துவிட்டால், இருட்டுப் பெட்டிக்குள் நிற்கிறவர்கள் நின்றபடியே இருக்க வேண்டியதுதான். ஆனாலும் காசு காசுதானே! சண்டைக்குப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று, வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து வரி விடாமல் படித்தார்.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டரில் கூட்டம். கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு வாடிக்கையாளர்களைச் சமாளித்தே குரல் தடித்திருந்தது.

“ஏர் ஃபில்டர், பிளக், ஆயில், வால்வு செட்டிங், வாசனை பாலிஷ். சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க. இங்க ஒரு கையெழுத்து.”

“வாசனை பாலிஷா? வண்டியை ஓட்டப்போறேனா, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேனா? அதை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுங்க. வால்வு எப்ப பாப்பீங்க?”

“இப்பவே பாத்துடுவோம் சார்.”

“இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன். எஞ்சினைத் தொட்டா தோல் உரிஞ்சிடும். நல்லா ஆறின எஞ்சின்லதான் வால்வு இடைவெளி அளக்கணும்னு உங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கே.”

“அதெல்லாம் ஃபேன் வச்சு ஆத்திடுவாங்க.”

“ஃபேன் வச்சு ஆத்த இது என்ன காபியா?”

வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. பெண்மணிக்கு முகம் சிவந்துவிட்டது.

“சார் என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் சர்வீஸ்.”

“ஓஹோ! எங்க பில்டிங்குக்கும் மாசாமாசம் ஒருத்தர் வர்றாரு. மேல ஏறிப் போய் ஃபோன் பேசிட்டு, கீழ வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிடறாரு. நீங்க மட்டும் எங்களைக் கேள்வி கேக்க வந்துட்டீங்க!”

சுருக்கென்று தைத்தது. “அது நான் இல்லம்மா. நான் ஓனரை மேல மெஷின் ரூமுக்கே கூட்டிட்டுப் போவேன். தேய்ஞ்ச சாமானை அவர் கையில கொடுத்துட்டுத்தான் புதுசை மாட்டுவேன். நீங்களும் எனக்கு அப்படியே காட்டுங்க.”

“வெளியாளுங்களை உள்ள விடறதில்ல.”

“அப்ப கையெழுத்தும் இல்ல!”

அப்போது வரிசைக் கடைசியிலிருந்து, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் முன்னால் வந்தார். “ஒரு நிமிஷம்மா. பில் வாங்கத்தான் வந்தேன், இதுக்கும் பதில் சொல்லுங்க. நேத்து நான் வண்டியை விட்டுட்டு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வால்வு பாத்தாச்சுன்னு கொடுத்தீங்க. அந்த வண்டி எப்படி ஆறுச்சு?”

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். பெண்மணி எழுந்து உள்ளே ஓடி, மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள்.

“வண்டியை விட்டுட்டுப் போங்க சார். நாளைக்குக் கடை திறக்கும்போது வாங்க. உங்க முன்னாடியே அளப்பாங்க.”

அன்றைக்கு ராத்திரி அவருக்கு அவசர டியூட்டி. வண்டி இல்லாமல் முடியாது என்று கம்பெனியில் கெஞ்சி, சக ஊழியரிடம் டியூட்டியை மாற்றிவிட்டார். அதற்குக் கிடைக்கும் படிக்காசும் போயிற்று. அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, மறுநாள் ஷட்டர் ஏறும் முன்பே வாசலில் நின்றார்.

ஜில்லென்று கிடந்த எஞ்சினின் மூடியை மெக்கானிக் கழற்றினார். காகிதம் போன்ற மெல்லிய அளவுத் தகட்டைப் புகைபோகிற வால்வின் இடைவெளியில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

“நீங்களே பாருங்க சார்,” என்று தகட்டை நீட்டினார்.

லிஃப்ட்காரர் முயன்றார். இம்மி கூடப் போகவில்லை.

“ரொம்ப இறுகியிருக்கு. இப்படியே ஓட்டியிருந்தா வால்வு கருகி, எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்திருக்கும்.”

கேட்ட காசு நியாயம்தான். அது புரிந்ததும் அவர் சாந்தமாகியிருக்க வேண்டும். மாறாகத் தலை சூடேறியது. மெக்கானிக் அதைச் சரிசெய்து, மற்ற வேலைகளையும் முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே கவுண்டருக்குப் போய், பாலிஷ் போக மீதித் தொகை முழுவதையும் கட்டினார்.

“இப்ப திருப்திதானே சார்?”

“திருப்தியா? தேவையில்லாத வேலைக்குக் காசு கேட்டிருந்தா, சரி, யாவாரம்னு விட்டிருப்பேன். தேவையான வேலையைச் செய்யாமலே காசு கேட்டீங்களே! எல்லாம் சுத்த ஏமாத்துன்னு நினைச்சு நான் வேண்டாம்னு போயிருந்தா, என் வண்டி என்ன ஆகியிருக்கும்? உங்களாலதாம்மா நல்ல சர்வீஸையும் ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான்.”

பெண்மணி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தக் கண்ணாடிக்காரருக்கு ஃபோன் போடுங்க. வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்க.”

“மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“தாராளமா கேளுங்க. எனக்கு அவசரமே இல்ல.”

அவள் உள்ளே பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

“சார், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறோம். உங்க வண்டியை இன்னொரு தடவை இங்க விடணும். இல்ல சார், காசு எதுவும் வேண்டாம். வால்வு... நாங்க இன்னும் பாக்கல சார்.”

எதிர்முனையிலிருந்து கிளம்பிய கத்தலில் அவள் ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். லிஃப்ட்காரர் அந்தக் கத்தலை முழுவதும் கேட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.