ஜன்னலோரம் தூக்கிப் பிடித்த வயிறு

1

புதுச்சேரி வரலாற்றிலேயே ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காத ஒரே மனிதன் நான்தான். இதை முழுப் பொறுப்புணர்வோடு சொல்கிறேன். டாக்டருக்குப் படித்தவர்கள் பார்க்கட்டும், எழிலரசன் ஆகிய நான் பி.காம். கோரிமேடு ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறுகிற நோயாளிகள் எல்லாரும் ஜன்னலோரம் இடம் பிடித்து, தங்கள் எலும்பைத் தாங்களே சூரியனிடம் காட்டி விளக்கம் கேட்பார்கள். அதைக் கிண்டலடித்துக் கல்லூரி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: 'ஆஸ்பத்திரி வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது.' (பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். மழை பெய்தால் படம் பார்க்க முடியாது, கதையும் கிடையாது.)

இரண்டாவது: 'கன்னியப்பனின் பித்தப்பை, அவருடைய மனத்தைப் போலவே…' (போதும், எழிலரசா.)

மூன்றாவது: கன்னியப்பன் என் அப்பா, நான் கூப்பிடுவது நைனா. முத்தியால்பேட்டையில் வெல்டிங் பட்டறை. வயிற்று வலி. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கல் தெரிந்தது. பக்கத்தில் ஏதோ நிழல். அதனால் சி.டி. ஸ்கேன். வெறும் கல் என்றால் சின்னச் சின்ன ஓட்டை போட்டு முடித்துவிடுவார்கள். நிழல் வேறு ஏதாவது என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் நாளைக்கு.

(உவமை இல்லாததால் இது தேறுகிறது.)

3

இடையில் ஒரு சிறு ஆய்வு. லேப்ராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி! என்ன கம்பீரம். கோட்டு சூட்டு போட்டு வருகிற சொல். 'பித்தப்பையை அறுத்து எடுப்பது' என்று தமிழில் சொன்னால் உடனே யாருடைய பித்தப்பை என்று கேட்கத் தோன்றுகிறது. அதையே இங்கிலீஷில் சொன்னால் எங்கோ ஏசி அறையில் முன்பின் தெரியாத யாருக்கோ நடக்கிறது. நைனாவிடம் காலையிலிருந்து நான் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

4

பஸ். முன் சீட்டில் சொர்ணம் அக்கா. எங்கள் தெருவில் மீன் விற்பவர். தன் முட்டி எக்ஸ்ரேயைச் சூரியனிடம் காட்டி முடித்த கையோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா அது, வயிறா? குடு இப்டி."

நைனா கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய தாள் ஒன்றில் வரிசை வரிசையாகக் குட்டிப் படங்கள். நைனாவை பேக்கரி ரொட்டி மாதிரி குறுக்கே துண்டு போட்டு அடுக்கியிருந்தார்கள். அக்கா அதை ஜன்னலில் விரித்தார்.

"இது ஈரலு. இது கொடலு. தோ… தோ பாரு, கல்லு! வேற ஒண்ணுங் கெடையாது."

"நெசமாவாக்கா?"

"எத்தினி வருசமா மீனு அறுக்கறேன். வயித்துக்குள்ள இன்னா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "கல்லு மாரிதான் தெரியுது."*

* கண்டக்டரின் மருத்துவத் தகுதி: ரொம்ப நாளாக இதே ரூட்.

நைனா சிரித்தார். வலி வந்ததிலிருந்து அவர் பல்லை நான் பார்த்ததே இல்லை. "அப்ப சீக்கிரமா பட்டறயத் தொறந்துரலாமா?"

"தாராளமாத் தொற!"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆண்டு மலர் என்னை விடவில்லை.

"அக்கா, படத்தத் தலகீழா புடிச்சிருக்கீங்க. எழுத்தப் பாருங்க."

பஸ்ஸே சிரித்தது. அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நைனா மட்டும் படத்தை வாங்கி உறைக்குள் போட்டார்.

"நீ பாரேன்டா. படிச்சவன்தான?"

"ரேடியாலஜிஸ்ட் பாப்பாரு நைனா. நமக்கு இன்னா தெரியும்?"

முத்தியால்பேட்டை வரைக்கும் அவர் உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தார்.

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ) கல்தான். நைனா தன் பித்தப்பைக் கல்லைப் பாட்டிலில் போட்டுப் பட்டறையில் காட்சிக்கு வைக்கிறார். சொர்ணம் அக்கா திறந்து வைக்கிறார்.

ஆ) டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். (எந்த டாக்டர் துடைக்கிறார்? அடித்துவிட்டேன்.)

இ) அந்த நிழல்

(இந்த வாக்கியத்துக்கு இன்று பயனிலை கிடையாது.)

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'அ'வை எடுத்தால் சந்தோஷம். கிண்டல் கட்டுரை இத்துடன் முடிந்தது.

6

இது கதையில் சேராது.

சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். ஸ்கேன் உறை கையோடு எப்படி வந்தது என்று தெரியவில்லை. படத்தை உருவி மேற்கே தூக்கிப் பிடித்தேன். எல்லாம் சாம்பல் நிறம். எது ஈரல், எது குடல், ஒன்றும் பிடிபடவில்லை. அக்கம்பக்கத்து மாடிகளை ஒருமுறை நோட்டம் விட்டேன். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி, சொர்ணம் அக்கா விரல் வைத்த இடத்தைத் தேடினேன்.

பின்னால் செருப்புச் சத்தம்.

"தெரியுதாடா?"

"காத்துல ஆடுது நைனா. அந்தப் பக்க முனையப் புடி."