இன்று போட் ஓடுமா?

காற்று எழும்பும் மாதங்களில் ஷஃபீனாவுக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளாது. கற்பிட்டியில் உம்மாவுடன் இருந்தபடி கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பது அவள் தொழில். ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற, விரல் தொடுகிற பகுதி எல்லாம் அவள் பொறுப்பு. கொஞ்ச நேரம் தட்டச்சு செய்வாள், எழும்பி முற்றத்துக்குப் போவாள், தென்னைகள் ஒரே பக்கமாய்ச் சாய்வதைப் பார்ப்பாள், திரும்பி வந்து எழுதியதில் பாதியை அழிப்பாள்.

“ஒண்டெ முடிச்சிட்டு மத்ததெத் தொடு மகள்” என்று உம்மா மஹ்மூதா சொல்லாத நாளில்லை. ஆனால் முடிந்த வேலையைத் தொடாமல் விடுவதுதான் அவளால் முடியாத காரியம்.

சனிக்கிழமைகளில் ஹாட்வெயார் கடையொன்றின் மேல்மாடியில் அவள் இளம் பிள்ளைகளுக்குக் கோட் எழுதக் கற்றுக்கொடுத்தாள். ஐந்து பேர், மூன்று லேப்டாப். அங்கேயும் அவள் உட்கார்ந்ததில்லை. ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், பொறுக்காமல் கையை நீட்டித் தானே ஒரு வரியைத் திருத்திவிட்டு அடுத்தவரிடம் போவாள்.

அந்த ஐவரில் முஃப்லிஹா மட்டும் கடல் கடந்து வருபவள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். வீடு உச்சமுனைத் தீவில். அங்கிருந்து அன்ரனிப்பிள்ளையின் பயணிகள் போட்டில் ஏறிக் கற்பிட்டிக்கு வரவேண்டும். காற்று அதிகமானால் அன்ரனிப்பிள்ளை ஓடமாட்டார். அவர் ஓடுகிறாரா இல்லையா என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு வந்து திரும்பிப் போகிறவர்கள் இரண்டு கரையிலும் இருந்தார்கள்.

“உங்களுக்குத் தேவையான ஒரு பக்கம் செஞ்சிட்டு வாங்க” என்று ஷஃபீனா சொன்னபோது ஒருவன் கிரிக்கெட் அணிக்குச் செய்தான். ஒருத்தி மாமியின் கேக் வியாபாரத்துக்குச் செய்தாள். முஃப்லிஹாவின் பக்கத்தில் படமே இருக்கவில்லை. ‘இன்று போட் ஓடுமா?’ என்ற கேள்வி, கீழே ஒரு பெரிய வட்டம். ஓடினால் பச்சை, ஓடாவிட்டால் சிவப்பு. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு அவள் கரைக்குப் போய் அன்ரனிப்பிள்ளையிடம் கேட்பாள், போனில் வட்டத்தின் நிறத்தை மாற்றுவாள்.

“இவ்வளவுதானா?” என்றாள் ஷஃபீனா.

“வேற என்னா ராத்தா வேணும்?” என்றாள் முஃப்லிஹா. அந்த ஐந்து பேருக்கும் ஷஃபீனா ராத்தாதான், அக்கா மாதிரி.

அந்தப் பக்கம் வட்ஸ்அப் வழியாகப் பரவியது. கிளினிக்குக்குப் போகும் பெண்கள், மீன் வாங்க வருகிறவர்கள், தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்கள் எல்லோரும் காலையில் அதைத் திறந்து பார்த்தார்கள். ஒரு முறைப்பாடு மட்டும் இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் திறந்தால் பக்கம் வெறும் வெள்ளையாக வந்தது.

“அசிங்கமா இரிக்கி ராத்தா, ஆக்கள் உடைஞ்சிட்டு எண்டு நெனைக்கிறாங்க” என்று முஃப்லிஹா சொன்னாள்.

ஷஃபீனாவுக்கு அது தேநீர் குடிக்கும் நேரத்து வேலை. ஒருமுறை திறந்த பக்கத்தைப் போனே தன் நினைவில் வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாதபோதும் காட்டும்படி செய்தாள். போனின் இணையத் தரவை நிறுத்திவிட்டுத் திறந்து காட்டினாள். பக்கம் பளிச்சென்று வந்தது. ஐந்து பேரும் கைதட்டினார்கள். அவள் அதற்குள் அடுத்த லேப்டாப்பின் பக்கம் போயிருந்தாள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காற்று இரைந்துகொண்டிருந்தது. கடனீரேரியின் உட்பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கியபடி தண்ணீரின்மேல் சறுக்கினார்கள். அவர்களுக்கு இப்படிப்பட்ட நாள்தான் வேண்டும். ஷஃபீனா அப்படியான ஒரு விடுதியின் முகப்புப் பக்கத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள். விடுதி முதலாளி காலையிலிருந்து ஒரு பொத்தானை இடமும் வலமும் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது முஃப்லிஹாவின் அழைப்பு வந்தது. காற்றின் இரைச்சலில் குரல் அறுந்து அறுந்து கேட்டது.

“ராத்தா, நான் சிவப்புத்தானே போட்டேன்? பாருங்களேன், சிவப்புத்தானே இரிக்கி?”

“ஏன், என்னா நடந்த?”

“றஸீன் நானாவெக் காணல்ல. பச்சையெப் பார்த்திட்டுத்தான் போட்டெ எடுத்தாராம். எல்லாரும் என்னெத்தான் கேக்குறாங்க.”

றஸீன் ஒரு விடுதியில் சமையற்காரன். அவன் மனைவி றிஃப்னா பிள்ளையுடன் உச்சமுனையிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். விடியற்காலை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் பண்ணியிருக்கிறாள். அவன் ஜெட்டிக்கு ஓடியிருக்கிறான். அன்ரனிப்பிள்ளையின் போட் அங்கே இல்லை. பக்கத்தைத் திறந்தால் பச்சை. போட் முன்னமே போய்விட்டது என்று நினைத்து, தம்பி ஃபாஹிமின் சின்ன வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு தனியே கிளம்பிவிட்டான். முற்பகல் ஆகியும் தீவுக்குப் போய்ச் சேரவில்லை.

போனை வாங்கி அன்ரனிப்பிள்ளை பேசினார். “பிள்ளை, நான் இண்டைக்குக் கயிறே அவிழ்க்கேல்ல. இவ சிவப்புப் போட்டதை நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான். வேற ஆரும் கைவைச்சினமோ தெரியாது.”

ஷஃபீனா தன் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு. சால்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினாள்.

ஜெட்டியில் ஆட்கள் கூடி நின்றார்கள். இரண்டு வள்ளங்கள் தேடப் போயிருந்தன. ஃபாஹிம் தண்ணீரைப் பார்த்தபடி அங்குமிங்கும் நடந்தான். ஷஃபீனாவைக் கண்டதும் நேரே வந்தான்.

“உங்கட வகுப்புப் பிள்ளைதானே அது? விளையாட்டா உங்களுக்கு? நானா எனக்கும் போனெக் காட்டினாரு. பச்சை. என்ட ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“அவருக்கு சிக்னல் இருந்ததா?”

“அவருக்கு டேட்டா முடிஞ்சி மூணு நாள். இந்தப் பக்கம் மட்டும் டேட்டா இல்லாமலும் தொறக்குது எண்டு அவரே சொன்னாரு.”

ஷஃபீனா தன் போனை எடுத்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அதில் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. தரவை நிறுத்திவிட்டுத் திறந்தாள். கேள்வி வந்தது. அதன் கீழே, மூன்று நாளைக்கு முந்தைய அமைதியான கடலின் பச்சை, கொஞ்சமும் வெட்கமில்லாமல் பளிச்சென்று வந்து நின்றது. சுற்றிலும் காற்று அவள் சால்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளைப் பக்கம் வந்திருந்தால் றஸீன் யாரையாவது கேட்டிருப்பான்.

“முஃப்லிஹா போட்டது சிவப்பு” என்றாள் ஃபாஹிமிடம். “உங்கட நானாவுக்குப் பச்சையெக் காட்டினது நான்.”

“என்னா சொல்லுறீங்க?”

அவள் விளங்கப்படுத்தினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சாட்டுச் சொல்வது போலக் கேட்டது. ஃபாஹிமுக்குப் பாதி விளங்கியது. பக்கத்தில் நின்ற ஒருவர், “அப்ப அது பழைய படமா? பழையது எண்டு ஒரு சொல்லுப் போட்டா என்னா?” என்று கேட்டார்.  ஃபாஹிம் மறுபடி தண்ணீர்ப் பக்கம் போனான். அவன் ஏசியிருந்தால் நல்லது என்று அவளுக்கு இருந்தது.

அவள் ஜெட்டியில் நின்றாள், இறங்கி மணலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். விடுதி முதலாளியின் செய்திகள் போனில் அதிர்ந்தன. பார்க்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் செய்தியில்லை. தேடப் போன வள்ளங்களில் ஒன்று நனைந்து திரும்பியது. வெளியே அலை மறிக்கிறது, தீவுப் பக்கம் நெருங்க முடியவில்லை என்றார்கள். முஃப்லிஹா ஒருமுறை அழைத்து, பச்சை எப்படி வந்தது என்று ஷஃபீனாவிடம் கேட்டறிந்தாள். “பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கிட்டு. றிஃப்னா ராத்தா என்ட கையெ விடுறாவே இல்ல. என்னா சொல்ல நான்?” என்று அழுதாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் ஃபாஹிமின் போன் அடித்தது. கடனீரேரியின் அக்கரையில், கரைத்தீவு ஊர்ப் பக்கம் நண்டு வலை எடுக்கப் போனவர்கள் றஸீனைக் கண்டிருந்தார்கள். வெளித் தண்ணீருக்குப் போனதும் இஞ்சின் நின்றிருக்கிறது. காற்று வள்ளத்தை அப்படியே அக்கரைக்குத் தள்ளிக் கண்டல் மரங்களில் மோதவிட்டிருக்கிறது. இடது கை முறிந்திருந்தது. ஆள் உயிரோடு இருந்தான். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். ஃபாஹிம் போனைக் காதில் வைத்தபடியே மணலில் குந்திவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஷஃபீனா செய்த முதல் வேலை, லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை அடியோடு அழிக்கப் போனதுதான்.  ஆனால் உள்ளே போக முடியவில்லை. அவளுக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது. கடவுச்சொல்லை மீண்டும் போட்டாள். அதே பதில். முஃப்லிஹாவை அழைத்தாள்.

“என்னெ வெளியே போட்டீக்கியா?”

“ஓம் ராத்தா. பகலே எடுத்திட்டேன். கோவத்தில நீங்க அழிச்சிடுவீங்க எண்டு தெரியும்.”

“ஒரு மனிசன் மௌத்தாப் போயிருப்பாரு! அந்தப் பக்கம் இனி வேணாம். என்ட பேச்செக் கேளு. இப்பவே அழி.”

“மாட்டேன்.”

வகுப்பில் முஃப்லிஹா அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது.

“சிவப்பெப் பார்த்திட்டு எத்தனை பேர் இண்டைக்கு வீட்டிலெயே நிண்டாங்க தெரியுமா? கிளினிக் போறவங்க ஒத்தரும் கரைக்கே வரல்ல. அதெல்லாம் ஒருத்தரும் சொல்லுறல்ல, ஏனெண்டா ஒண்டும் நடக்கல்லயே. அழகா வேணும் எண்டு கேட்டது நான். செஞ்சது நீங்க. ரெண்டு பேரும் யோசிக்கல்ல. இப்ப யோசிப்பமே.”

ஷஃபீனாவுக்குக் கோபம் வந்தது, அது யார்மேல் என்று பிடிபடவில்லை. முஃப்லிஹாவின் குரல் இறங்கியது.

“பழசாப்போனா வட்டம் சாம்பல் நிறமா மாறவேணும். ‘தெரியாது, கேட்டுப் பாருங்க’ எண்டு எழுதி, அன்ரனி அங்கிள்ட நம்பரெயும் போடவேணும். செஞ்சு பார்த்தேன், மாறுதில்ல. சொல்லித் தாங்களேன்.”

“உள்ளே விடு, நானே செஞ்சு தாறேன்.”

“இல்ல ராத்தா. சொல்லுங்க, நான் எழுதுறேன்.”

அன்று மாலை ஷஃபீனா முதல்தடவையாகக் கையை நீட்டாமல் ஒருவருக்குக் கோட் சொல்லிக்கொடுத்தாள். போனில் சொல்லுவாள், முஃப்லிஹா எழுதுவாள், பிழைக்கும், திரும்பச் சொல்லுவாள். வாய் வறண்டுபோனது. ஒரு வரியில் அரைப்புள்ளி விடுபட்டதைக் கண்டுபிடிப்பதற்குள் தன் தலைமுடியையே பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரவு இஷாத் தொழுகைக்கு முன்னால் வட்டம் சாம்பலானது.

மறுநாள் பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போனாள். றஸீன் கையில் பெரிய கட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். 

“பச்சையெப் பார்த்தது மெய்தான்” என்றான் கடைசியில். “ஆனா கரையில ரெண்டு பேர் போகவேணாம் எண்டும் சொன்னாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டதும் எனக்குக் காது கேக்கல்ல. அதெ றிஃப்னாட்ட சொல்லிடாதீங்க.”

அவளுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன இரண்டு மனிதரைவிட அவன் அவளுடைய பச்சையை நம்பியிருக்கிறான். அதைச் சொல்லாமல், கொண்டுபோன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு சனிக்கிழமைகள் முஃப்லிஹா வரவில்லை. வட்டம் சிவப்பாகவே இருந்தது. மூன்றாவது சனி வந்தாள், உப்புத் தண்ணீர் தெறித்த பர்தாவோடு. ஷஃபீனா வகுப்பை அவளிடம் விட்டாள். அவள் எல்லோரையும் போனில் தரவை நிறுத்தச் சொன்னாள், அதிலுள்ள தேதியை நாளைக்கு மாற்றச் சொன்னாள். “இப்ப இந்தப் பக்கத்தெப் பொய் சொல்ல வைக்க ஏலுமா எண்டு பாருங்க. பொய் சொல்ல வைக்கிறவங்களுக்கு ஐஸ்கிறீம்” என்றாள். கிரிக்கெட் பையன் ஒரு வழியைக் கண்டுபிடித்தே விட்டான். அதைத் திருத்துவதில் வகுப்பு முடிந்தது. ஷஃபீனா ஜன்னலோரம் நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பார்த்தாள்.

திங்கட்கிழமை, பக்கத்துக்குள் மறுபடி வரும்படி முஃப்லிஹாவிடமிருந்து அவளுக்கு மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வந்திருந்தது. பக்கத்தில் மாற்றங்களை அவள் எழுதலாம், ஆனால் முஃப்லிஹா பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அவை வெளியே போகும். தொழிலில் இருப்பவளுக்கு மாணவி வைத்த நிபந்தனை. கொஞ்சம் குத்தியது. பிறகு ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்ட சூட்டோடு ஒரு மாற்றத்தையும் எழுதி அனுப்பினாள். சாம்பல் மிகவும் வெளிறியிருக்கிறது, வெயிலில் கண்ணுக்குப் படாது, இன்னும் கருப்பாக்கலாம் என்பது அவள் எண்ணம்.

பதில் வரும்வரை வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. விடுதியின் பொத்தானை நகர்த்தினாள், முற்றத்துக்குப் போனாள், போனைப் பார்த்தாள், உம்மாவிடம் ஏச்சு வாங்கினாள். அஸருக்குப் பிறகுதான் பதில் வந்தது.

“வேணாம் ராத்தா. இப்பத்தான் கரையில வெச்சுப் பார்த்தேன். நல்லாத் தெரியுது.”