வராந்தாவில் ஆறரைக் கோடி ஆண்டு

டைனோசர்கள் கண்ணை மூடிய நாளிலிருந்து இன்றுவரையுள்ள ஆறரைக் கோடி ஆண்டுகளை என் மனைவி நடந்தே கடந்தாள். அதுவும் புதிதாக மாற்றிய முழங்காலோடு. முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் ஹாரன் அடிப்பேன், அவ்வளவுதான்.

நம்பாதவர் ஒரே ஒருவர்: என் மச்சான், அவளுடைய அண்ணன். எங்கள் மாடியிலேயே வராந்தாவின் மறுகோடியில் குடியிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பிய அன்றே சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"இனிமே அவ எங்க நடக்கப்போறா மாப்ள? என் வாசல் வரைக்கும்கூட வரமாட்டா."

அவளும் அதில் உட்கார்ந்துவிட்டாள். நடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெஞ்சினேன், கொஞ்சினேன். "வலிக்குதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்லூரியில் நிலவியல் நடத்தி, மாணவர்களை மலை மலையாக ஏற்றி இறக்கியவள்!

ஒரு காலையில் சாக்பீஸோடு வராந்தாவில் மண்டியிட்டேன். அவள் ஓயாமல் நடத்திய பாடம்தான், டைனோசர்களுக்குப் பின் வந்த செனோசோயிக் யுகத்தின் ஏழு பிரிவுகள்: பாலியோசீன், இயோசீன், ஒலிகோசீன், மயோசீன், பிளியோசீன், பிளைஸ்டோசீன், ஹோலோசீன். ஏழு அண்ணன் தம்பிக்குச் சொத்துப் பிரிப்பதுபோல் சமமாகக் கோடு போட்டு, நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவந்து பெருமையாகக் காட்டினேன்.

அவள் கத்திய கத்தலில் மூன்றாம் மாடிப் புறாக்கள் ஐந்தாம் மாடிக்குக் குடிபோயின.

"என்னங்க அநியாயம் இது! இயோசீன் ரெண்டு கோடி வருஷத்துக்கு மேல. ஹோலோசீன் வெறும் பன்னண்டாயிரம். ரெண்டுக்கும் ஒரே இடமா?"

"எல்லாம் ஒரு தாய் பிள்ளைங்கதானேன்னு..."

"அழிங்க!"

"எதை அழிக்கிறதும்மா? எனக்கு எல்லாக் கோடும் ஒண்ணாத்தான் தெரியுது."

ஊன்றுகோலைத் தரையில் குத்தி எழுந்தேவிட்டாள். தத்தித் தத்தி முதல் கோடுவரை போய், கோலின் ரப்பர் நுனியால் அதைத் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓர் அடி வைத்தாள். "இங்க போடுங்க. பாலியோசீன் இங்கதான் முடியுது."

வராந்தா முப்பத்துமூன்று மீட்டர். மீட்டருக்கு இருபது லட்சம் ஆண்டு. தான் நடந்து சேராத இடத்தில் கோடு போடக்கூடாது என்று அன்றே சட்டம் போட்டாள்.

இயோசீன் உயிரை எடுத்தது. வராந்தாவில் மூன்றில் ஒரு பங்கு அது. ஒருநாள் பாதியிலேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"மொத்தம் ஏழு சீன் இல்ல? ரெண்டாவது சீன்லயே இன்டர்வெல்லா தங்கச்சி? நாற்காலியத் தள்ளிட்டு வரட்டுமா?"

"அண்ணே, திமிங்கலம் காலே வேணாம்னு கடலுக்குப் போன காலம் இது. எனக்கு வேணும்."

எழுந்தாள்.

அதன்பிறகு வாரக்கணக்கில் நடை. ஒலிகோசீனில் பூமி குளிர்ந்ததாம். எனக்குச் சத்தியமாக மூக்கு ஒழுகியது. மயோசீனில் புல்வெளி பரவிற்றாம். என் செருப்பில் புல் ஒட்டியிருந்தது. பிளியோசீனும் பிளைஸ்டோசீனும் குட்டிப் பயல்கள், இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டினாள்.

கடைசி நாள் என்னை எங்கள் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து மொத்தத்தையும் தனியாக நடந்தாள். அண்ணன் வாசற்படியை ஒட்டி மிச்சமிருந்தது ஹோலோசீன். அரை சென்டிமீட்டர் சொச்சம். உழவு, எழுத்து, ராஜாக்கள், என் பென்ஷன், எல்லாம் அதற்குள்தான். சாக்பீஸ் கோடே அதைவிடத் தடிமன். காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தாள். கோலால் கதவைத் தட்டினாள்.

திறந்த மச்சான் நாற்காலியைத் தேடினார். இல்லை. "யாரு தூக்கிட்டு வந்தது?"

"தூக்குற ஆளு அங்க நிக்குறாரு பாருங்க." நான் மறுகோடியிலிருந்து கையாட்டினேன்.

குனிந்து தரையைப் பார்த்தார். சாக்பீஸ் தூளில் கோலின் வட்டத் தடங்கள், எங்கள் வாசலிலிருந்து அவர் படிவரை, பக்கத்தில் அவள் காலடிகள் மட்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாப்ள!" வராந்தா முழுக்கக் கேட்டது. "நடந்துதான் வந்திருக்கா!"