முட்டி வலி என்று சொல்

முதல் நாள் வலித்தபோதே வினோலியா தாயிடம்தான் சொன்னாள். "கவட்டுக்குள்ள சுள்ளுனு இழுக்குதும்மா."

ஜெயமேரி பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். வடமதுரையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அந்த இடத்தையெல்லாம் வெளிய சொல்லாத. அப்பா கேட்டா முட்டி வலின்னு சொல்லு," என்றாள். மாப்பிள்ளை வீட்டார் எப்படியும் வரவில்லை. பொய் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

அப்பா ஸ்தனிஸ்லாஸ் விளையாட்டு வாத்தியார். மகளுக்குத் தடை ஓட்டம் பழக்கியவர் அவர்தான். ஒரு வருஷம் அந்த நல்ல முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும், "நடிக்கிற. உனக்கு ஓட மனசில்ல," என்று சொல்லிவிட்டார்.

2007-இல் ரயில்வேயில் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கும் தேர்வு வந்தது. வயசு வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. பன்னிரண்டு நாள் இருக்கையில், தடையைத் தாண்டிய வினோலியா மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். அவள் கை அழுத்திப் பிடித்திருந்த இடம் முழங்கால் அல்ல.

மூவரும் மதுரைக்குப் போனார்கள். டாக்டர் தொடை இடுக்கில் அழுத்திப் பார்த்தார். அடிவயிற்றுத் தசை கிழிந்திருக்கிறதாம்.

"பெரிசா அறுக்க வேண்டாம். வயித்துல மூணு சின்ன ஓட்டை. அது வழியா கேமராவை விட்டு உள்ளயே கிழிஞ்ச இடத்துல வலை வச்சு அடைச்சுருவோம். மறுநாளே எந்திரிச்சு நடக்கலாம்."

ஜெயமேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பன்னெண்டு நாள்ல ஓடிருவாளா டாக்டர்?"

"ஓட ரெண்டு மாசமாவது ஆகும்மா." டாக்டர் வினோலியாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, போன வருஷமே வந்திருந்தா இந்நேரம் ஓடிட்டிருப்பியே. இதை எதுக்கு மறைச்ச?"

வினோலியா தலையைக் குனிந்தாள். "தப்புதான் டாக்டர்." மகள் ஒரு தரம்கூடத் தாயின் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும் பஸ் கொடைரோடு தாண்டும் வரை பொறுத்திருந்த ஸ்தனிஸ்லாஸ் அதற்கு மேல் அடக்க முடியாமல் வெடித்தார். "ஒரு வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? பெத்த அப்பன்கிட்ட சொல்ல என்ன கேடு?"

"அவளை வையாதீங்க," என்றாள் ஜெயமேரி. குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னாள். "எங்கிட்ட மொத நாளே சொன்னா. முட்டின்னு சொல்லச் சொன்னது நாந்தேன். பாவி நாந்தேங்க."

ஸ்தனிஸ்லாஸ் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

வினோலியா ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை அவள்.

"அப்பா என்னைய நடிக்கிறேன்னு சொன்னப்ப, நீ பக்கத்துலதானம்மா நின்ன," என்றாள்.