எல்லாமே முஷ்தரக்

எனக்கும் என் மச்சினனுக்கும் ஒரே அறை. ஒரே இரும்புக் கட்டிலில் நான் கீழ்த்தட்டு, அவன் மேல்தட்டு. பெண்டாட்டியோடு ஃபோனில் பேசும்போது அவள் தம்பியின் கால் தலைக்கு மேலே தொங்கினால் ஒரு மனிதன் என்ன பேச முடியும்? "சாப்பிட்டியா?" "மழை பெஞ்சுதா?" "சரி, வெச்சிடவா?" கல்யாணமான கையோடு ஏசி மெக்கானிக் வேலைக்கு இங்கே வளைகுடாவுக்கு வந்தவன் நான். அன்றிலிருந்து எங்கள் இல்லறம் வானிலை அறிக்கையாகத்தான் ஓடுகிறது.

அப்போதுதான் கம்பெனியில் அரபி வகுப்பு ஆரம்பித்தார்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் வருபவன் மேஸ்திரி. மேஸ்திரிக்குத் தனி அறை. பதவி கிடக்கட்டும், அதைக் கொண்டுபோய் உடைப்பில் போடுங்கள். எனக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று வேண்டும். அதைச் சாத்திக்கொண்டு என் மனைவியிடம் மனம்விட்டு நாலு வார்த்தை பேச வேண்டும்.

வகுப்பு சாயங்காலம் கேன்டீனில். எங்கள் அறையே திரண்டு வந்தது: நான், மச்சினன், வெல்டர், சமையல்காரர். ஆபீஸில் மொழிபெயர்ப்பு பார்க்கும் நம் ஆள்தான் வாத்தியார். பலகையில் 'முஷ்தரக்' என்று எழுதினார்.

"பொதுவானதுன்னு அர்த்தம். நாலு பேருக்கும் பங்கு உள்ளது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க. ஆனா உண்மையா இருக்கணும். பொய் சொன்னா மனசுல நிக்காது."

எங்கள் ஆட்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் வினை.

சமையல்காரர் எழுந்தார். "ஸாபூன் முஷ்தரக்."

"யாரோட சோப்பு?"

"இவரோடது" என்று என்னைக் காட்டினார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

சோப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையே என்று நான் இந்த ஊர்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து வெல்டர் எழுந்து என் சீப்பையும் சென்ட்டையும் பொதுவுடைமை ஆக்கினார். நான் ஷிஃப்டுக்குப் போனால் என் போர்வையும் பொதுவாம். அரபியில் சொன்னால் திருட்டுகூடப் பாடம் ஆகிவிடுகிறது.

தேர்வு நாளில் மச்சினன் எனக்கு முன்னால் எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொன்னான். வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் தமிழில் சொன்னார்:

"மாமா அக்காகிட்ட பேசற பேச்சு எங்க ரூமுக்கே முஷ்தரக்."

"உண்மைதானே சார்?" என்றான் அவன். "மாமா 'மழை பெஞ்சுதா'ன்னு ஆரம்பிச்சா, வெல்டர் அண்ணன் 'வெச்சிடவா'ன்னு முடிச்சு வெப்பாரு."

கேன்டீனே சிரித்தது. எனக்குக் கோபம் உச்சிமண்டைக்கு ஏறியது. எழுந்தேன். இலக்கணமாவது மண்ணாங்கட்டியாவது! சோப்பு முஷ்தரக், சீப்பு முஷ்தரக், போர்வை முஷ்தரக், பெண்டாட்டி குரல் முஷ்தரக், என் மானமும் முஷ்தரக், ஒரே ஒரு கதவையாவது எனக்கென்று கொடுங்கள் என்று மூச்சுவிடாமல் அரபியில் கொட்டித் தீர்த்தேன்.

"இதுதான்யா பேச்சு!" என்றார் வாத்தியார். "மேஸ்திரிக்கு இந்த வாய் வேணும்."

அன்று ராத்திரியே பெட்டியோடு தனி அறைக்குப் போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன், இழுத்தும் பார்த்தேன். ஃபோன் போட்டு, அவள் எடுத்ததும் வாயைத் திறக்கவே விடவில்லை.

"நீ ஒண்ணும் பேசாத, கேளு. நீ இல்லாம என்னால இருக்க முடியல. எப்படா உன் குரலக் கேப்போம்னுதான் பகல் பூரா ஓட்டறேன். இத சொல்றதுக்குத்தான் அரபியே படிச்சேன்."

அந்தப் பக்கம் ஓர் இருமல். பிறந்ததிலிருந்து நான் கேட்டு வளர்ந்த இருமல், என் அம்மாவுடையது.

"எப்பவும் போல ஸ்பீக்கர்லதான்டா போட்டிருக்கு. அவ அழுவுறா" என்றாள் அம்மா. "இன்னொரு தடவ சொல்லு. அப்பாவுக்குச் சரியா கேக்கலையாம்."