நெஞ்சளவுத் தண்ணீர்

"வைக்கோலுக்கு எதுக்கு மாமா கொள்ளி? என் புருஷன் இன்னா..."

"தே நீலா, சும்மா கெட. ஊருக்காரங்க வந்துகினு கீறாங்க..."

"வரட்டுமே! வந்து சொல்லட்டும். எவன் பாத்தான் பொணத்த? நீ பாத்தியா?"

"தந்தி வந்துச்சா இல்லியா? தண்ணில முயுவிப் பூட்டான்னு..."

"குட்டைல முயுவிட்டாராம்! கட்டுமரம் கவுந்து ராவெல்லாம் நீந்திகினு வந்த மனுஷன், எங்கியோ மலமேல ஒரு குட்டைல முயுவிட்டாராம். நீ நம்பு. தாலில எவளாச்சும் கைய வைக்கட்டும், அப்பால பாரு."

தேசப்பனுக்குத் தம்பி மனைவியின் வாயோடு மல்லுக்கு நிற்க முடியவில்லை. அம்மா பக்கம் திரும்பினான். "நீயாச்சும் சொல்லேம்மா."

தாயம்மா குடிசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கிடந்த வைக்கோல் ஆளுக்கு இளைய மகன் ராமதாஸின் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். கை நுழைய மாட்டேன் என்றது. தண்ணீரில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு இப்படி ஓர் ஆளைக் கட்டி, அவர்கள் உடுப்பைப் போட்டு, கரையில் வைத்து எரிப்பது நெட்டுக்குப்பத்து வழக்கம். புருஷனைக் கடல் கொண்டுபோனபோதும் அவள்தான் கட்டினாள். அன்றைக்கு அண்ணன் கொள்ளி வைக்க, ராமதாஸைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அத்தனை சின்னப் பிள்ளை.

உள்ளுக்குள் அவளும் மருமகள் கட்சிதான். பட்டாளத்தில் சமையல்காரனாகக் காஷ்மீர்ச் சண்டைக்குப் போனவன் செத்துவிட்டான் என்று தந்தி வந்த அன்றே குப்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கடல்காரன் குட்டையில் முழுகினானாம்! எவளையோ சேர்த்துக்கொண்டு ஓடிப்போயிருப்பான், பட்டாளத்தார் செத்தான் என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள் என்று மீன்கூடைக்காரிகள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. பேசட்டும். எவளோடாவது இருக்கட்டும். இருந்தால் போதும் என்று தாயம்மா தினம் தினம் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். காக்கிக் கால்சட்டை, தோளில் கான்வாஸ் பை.

"ராமதாஸ் வூடு இதானே? நான் ராயபுரம், லியாகத் அலி. அவன்கூட ஒரே அடுப்புல வெந்தவன்."

நீலாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் ஓடியதைத் தாயம்மா பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"பாய்! அவரு எங்க? பின்னால வந்துகினு கீறாரா?"

லியாகத் அலி பையை இறக்கவில்லை. "நான் பாத்துகினே இருந்தேன் தங்கச்சி," என்றான். "கண்ணு முன்னாடிதான் உள்ள போனான். தண்ணி அவ்ளோ தெளிவு. அடில படுத்துகினு கீறது தெரியுது. சட்ட பட்டன்கூடத் தெரியுது. ஆழத்துக்கு சறுக்கிட்டான், கைக்கு எட்டல. எனக்கு நீச்சல் வராது."

"பொய்," என்றாள் நீலா.

"மறாநா கயிறோட நாலு பேரு போனோம். எறங்குனவனெல்லாம் ஐஸு தண்ணி தாங்காம கத்திகினு ஏறிட்டான். அத்தோட பட்டாளத்த வேற எடத்துக்குக் கெளப்பிட்டாங்க. அவன் அங்கியேதான் கீறான்."

நீலா திரும்பிக் கொல்லைப்பக்கம் நடந்தாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் அவள் பின்னால் போனார்கள். தேசப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, விறகு பார்க்கிற சாக்கில் கரைப்பக்கம் போய்விட்டான்.

மிஞ்சினது தாயம்மாவும் லியாகத் அலியும்.

"குந்துப்பா," என்றாள் தாயம்மா. "சண்ட போடப் போன எடத்துல குட்டைக்கு இன்னாத்துக்குப் போனீங்க?"

"அன்னிக்கு ஆடி அமாவாசம்மா. முகாமாண்ட ஒரு ஓட கீது, முட்டி அளவு. அதுல சொம்பால ஊத்திக்கடா மாமுன்னேன். கேக்கல. 'நைனாவுக்கு நெஞ்சளவு தண்ணில நின்னு மூணு முயுக்கு போடணும், அம்மாகிட்ட கைல அடிச்சிட்டு வந்துகீறேன்'னான். ஆடு மேய்க்கறவங்களப் புடிச்சி, மேல ஏரி ஒண்ணு கீதுன்னு தெரிஞ்சிகினான். காலைல அடுப்ப அணைச்சிட்டு ரெண்டு பேரும் நடந்தோம். மொதல்ல மரம் நின்னு போச்சு. அப்பால புல்லும் நின்னு போச்சு. கல்லுதான். எனக்கு மூச்சு வாங்குது, அவன் பாட்டு பாடிகினு போறான்."

தாயம்மாவின் விரல் வைக்கோல் ஆளின் கழுத்துப் பொத்தானில் நின்றுவிட்டது.

"சின்ன ஏரிம்மா. இந்தக் கரைல பேசினா அந்தக் கரைல கேக்கும். சுத்தி பனி, அது உருகி சொட்டி ரொம்பின தண்ணி. ஐஸ் கட்டி மெதக்குது. நீலம்னா அப்பிடி ஒரு நீலம். அலை இல்ல, வாசன இல்ல. அத்தப் பாத்து சிரிக்கறான். 'இன்னாடா தோஸ்து, கடல் தூங்கிகினு கீது'ன்றான். கைய வெச்சிப் பாருடான்னேன். 'கடல்காரன் கைய வெச்சிப் பாத்தா எறங்குவான்?' அப்பிடின்னு ஓடிப் போய் எறங்கிட்டான்."

"ஓரமா முயுவக் கூடாதா?" என்றாள் தாயம்மா.

"ஓரத்துலயே போட்றான்னு கத்தறேன். நெஞ்சளவு வேணும்னு உள்ள போறான். ஒரு முயுக்கு போட்டான். எயுந்தான், ஒதடு கருத்துப் போச்சு. ரெண்டாவது போட்டான். வாயத் தெறக்கறான், சத்தம் வரல. வந்துருடான்னேன். ஒரு வெரலக் காட்டினான்மா, இன்னும் ஒண்ணுன்னு."

அவன் எழுந்து அவள் காலைத் தொட்டான். "உங்க வார்த்தையத் தட்டல அவன். இப்பிடி ஒரு புள்ள யாருக்கும்மா கெடைக்கும்?"

ஆறுதலாகத்தான் சொன்னான். தாயம்மா தலையாட்டினாள்.

நெஞ்சளவு என்று எந்தப் பூசாரியும் சொன்னதில்லை. ரயிலடியில், அப்பனை மறந்துவிடப் போகிறானே என்ற பயத்தில், அவளாகவே இட்டுக்கட்டிச் சொன்னது. சொம்புத் தண்ணி அவருக்குச் சேராது, ஒரு முழுக்கு குறைந்தாலும் அவர் கரையேற மாட்டார் என்றும் சொன்னாள். பிள்ளை சிரித்துக்கொண்டே கையில் அடித்தான். வண்டி நகர்ந்தது.

பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆண்கள் வந்தார்கள். தேசப்பன் குனிந்து, அவள் மடியிலிருந்ததை எடுத்தான். கனமே இல்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு கையில் வாரிக்கொண்டு படி இறங்கினான். லியாகத் அலியும் கூடப் போனான்.

கொல்லைப்பக்கமிருந்து நீலா வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. யாரும் கைவைக்கவில்லை, அவளே கழற்றிவிட்டாள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மாமியாரின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, கரைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மணல்மேட்டைத் தாண்டி மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளி புடிச்சா ஒரு வாரம் குளிக்காத மனுஷன் அத்தே அவரு. அந்த ஐஸு தண்ணில இன்னாத்துக்கு எறங்குனாராம்? பாய் உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"